உளவியல் பட்டம் முடிந்தது: மேல்படிப்புக்குப் போவதா, வேண்டாமா?

நிலாப்பாதை

எல்லாருக்கும் வணக்கம். உளவியல் இளங்கலை முடித்துவிட்டேன். மதிப்பெண் நன்றாகவே இருக்கிறது. அதுதான் வினையோ என்றும் தோன்றுகிறது, ஏனென்றால் பார்க்கிறவர்கள் எல்லாரும் "முதுகலை எங்கே சேரப் போகிறாய்?" என்றுதான் கேட்கிறார்கள். சேரப் போகிறாயா என்று ஒருவரும் கேட்பதில்லை. துறைத்தலைவர் இன்னும் ஒரு படி மேலே போய், வெளிநாட்டில் நேரடியாக முனைவர் பட்டத்துக்கே விண்ணப்பிக்கச் சொல்கிறார். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் விண்ணப்பம் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு உளவியல் பிடிக்கும், அதில் குழப்பமில்லை. ஆனால் ஒரு பாடத்தைப் படிக்கப் பிடிப்பதும் அதையே தினமும் வேலையாகச் செய்யப் பிடிப்பதும் ஒன்றுதானா? இரண்டு வருடமோ ஆறு வருடமோ கொடுத்த பிறகு யோசிப்பதற்குப் பதில் இப்போதே யோசித்துவிடலாம் என்று இங்கே எழுதுகிறேன். எந்த நாட்டில் படிப்பது என்பதுகூட முடிவாகவில்லை. எங்கே போனாலும் கடன் வாங்க வேண்டியிருக்கும்.

இளங்கலையோடு நின்றால் என்ன வேலை கிடைக்கும்? முதுகலை போதுமா? ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போனால் "படிப்பில் இடைவெளி" என்று தள்ளிவிடுவார்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அலைவரிசை

என்னவாக வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே? ஆலோசகரா, ஆராய்ச்சியா, கல்லூரியில் பாடம் எடுப்பதா, நிறுவனத்தில் வேலையா? நான்குக்கும் வழி வேறு வேறு.

நிலாப்பாதை

அது தெரிந்தால் இழையே தேவைப்பட்டிருக்காதே :) முதல் வருடத்தில் கேட்டிருந்தால் யோசிக்காமல் "தெரபிஸ்ட்" என்று சொல்லியிருப்பேன்.

கடைசிபெஞ்ச்

நான் இளங்கலையோடு நின்றவன். மனிதவளத் துறையில் இருக்கிறேன், ஆள் எடுப்பதுதான் வேலை. என்னை யாரும் உளவியலாளர் என்று அழைப்பதில்லை, அழைக்கவும் கூடாது. ஆனால் நேர்காணலுக்கு வருகிற எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, அங்கேயே தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும் என்று எங்கள் குழுவை ஒத்துக்கொள்ள வைத்தது அந்தப் படிப்புதான். அதற்கு முன்னால் "ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும் சார்" என்கிற முறையில்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இளங்கலைக்கு வேலையே இல்லை என்பது சும்மா பேச்சு. விளம்பரத்தில் "உளவியல் பட்டதாரி தேவை" என்று போட மாட்டார்கள், அவ்வளவுதான். மனிதவளம், சந்தை ஆய்வு, செயலிகளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கும் யூஎக்ஸ் ஆராய்ச்சி, தொண்டு நிறுவனக் களப்பணி, மறுவாழ்வு மையங்களில் உதவியாளர் வேலை எல்லாம் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு வேலை செய்ய ஆர்பிடி என்றொரு சான்றிதழ் உண்டு. 40 மணி நேரப் பயிற்சி, ஒரு செய்முறைச் சோதனை, ஒரு தேர்வு. அதற்கு இளங்கலைகூடத் தேவையில்லை. அதே துறையில் சிகிச்சைத் திட்டம் போடும் மேற்பார்வையாளராக வேண்டுமென்றால் மட்டும் முதுகலை கட்டாயம்.

என் பேட்ச்சில் முதுகலைக்குப் போனவர்களில் நிறையப் பேர் உளவியல் மேல் ஆசைப்பட்டுப் போகவில்லை. வேலை தேடுகிற பயத்தைத் தள்ளிப்போடத்தான் போனார்கள். பயம் எங்கேயும் போகாது, இரண்டு வருடம் கழித்துக் கடனோடு சேர்ந்து வரும். என் ஓட்டு: போகாதே, முதலில் சம்பாதி.

மருதநிழல்

கடைசிபெஞ்ச் தம்பி சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். நான் மருத்துவ உளவியலில் இருக்கிறேன், மருத்துவமனைப் பக்கம். "முதுகலை போதுமா" என்ற கேள்விக்கு உளவியலாளர்கள் பதில் சொல்ல முடியாது, உரிமச் சட்டம்தான் சொல்லும். பூட்டைப் பார்த்த பிறகுதான் சாவி செய்ய வேண்டும். நாட்டுக்கு நாடு பூட்டு வேறு.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் உளவியலாளர் என்ற பெயரோடு தனியாகத் தொழில் செய்ய முனைவர் பட்டம் வேண்டும். அதற்குப் பிறகும் மேற்பார்வையில் வேலை செய்த மணிக்கணக்கு காட்ட வேண்டும், இபிபிபி என்ற தேர்வும் எழுத வேண்டும் (225 கேள்வி, அதில் 175-க்குத்தான் மதிப்பெண், எவை என்று சொல்ல மாட்டார்கள்). ஆனால் அதே நாட்டில் முதுகலை முடித்து, மேற்பார்வைக் காலத்தையும் முடித்து, ஆலோசகராகவோ மருத்துவச் சமூகப் பணியாளராகவோ உரிமம் வாங்கி நாள் முழுக்கத் தெரபி செய்கிறவர்கள் ஏராளம். தெரபிதான் ஆசை என்றால் முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்பது பலருக்கு விண்ணப்பம் போட்ட பிறகுதான் தெரிகிறது.

பிரிட்டனில் வெறும் "சைக்காலஜிஸ்ட்" என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்று போட முடியாது. 2009 முதல் அந்தப் பெயரை எச்சிபிசி என்ற சுகாதாரத் தொழில் ஒழுங்குமுறை அமைப்பின் பதிவு காக்கிறது. அதற்கான முனைவர் படிப்பு மூன்று வருடம், பெரும்பாலும் அந்நாட்டு அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் சம்பளத்தோடு. அதனாலேயே போட்டி கடுமை, உதவி உளவியலாளர் வேலையில் வருடக்கணக்கில் இருந்துவிட்டு உள்ளே போகிறவர்கள் சகஜம். ஆஸ்திரேலியாவில் ஐந்து வருடப் படிப்பும் ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும் சேர்ந்த பாதை இருக்கிறது, பழைய நான்கு கூட்டல் இரண்டு பாதை 2022-ல் மூடப்பட்டுவிட்டது. ஜெர்மனியில் 2020-ல் சட்டம் மாறி, உளச்சிகிச்சைக்கென்றே ஒரு முதுகலையும் அரசுத் தேர்வும் வந்தன. பிலிப்பைன்ஸில் 2009 சட்டப்படி இளங்கலை முடித்தவர்களே தேர்வு எழுதி, உளவியல் சோதனைகள் நடத்தும் உளஅளவையாளர் உரிமம் வாங்கலாம், உளவியலாளர் உரிமத்துக்கு முதுகலை வேண்டும். இந்தியாவில் மருத்துவ உளவியலாளராக ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு வேண்டும். நீண்ட காலமாக அதற்கு இரண்டு வருட எம்.ஃபில்தான் முக்கிய வழியாக இருந்தது. யுஜிசி 2022-ல் எம்.ஃபில்லையே நிறுத்தியது, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் பிறகு கால வரம்போடு விலக்கு கொடுத்தது. ஆகவே எந்த நாடாக இருந்தாலும் சீனியர் சொன்னதை நம்பாமல் நீங்கள் சேரும் வருடத்து விதியை எடுத்துப் படியுங்கள்.

அடுத்து, பட்டத்திலேயே இரண்டு ஜாதகம் உண்டு. 1949-ல் அமெரிக்காவின் போல்டரில் நடந்த மாநாட்டில், மருத்துவ உளவியலாளர் ஆராய்ச்சியும் சிகிச்சையும் இரண்டுமே கற்க வேண்டும் என்று முடிவானது. இன்றைய பிஎச்.டி. அந்த வழி. எல்லாருக்கும் ஆராய்ச்சி எதற்கு என்ற முணுமுணுப்பு கிளம்பி, 1968-ல் இலினாய் பல்கலைக்கழகத்தில் சைடி என்ற தொழில்முறைப் பட்டம் தொடங்கியது. 1973-ல் வெய்ல் என்ற ஊரில் நடந்த மாநாடு அதற்கு அங்கீகாரம் தந்தது. நடைமுறையில் பெரிய வித்தியாசம் பணம்: பிஎச்.டி.யில் பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தருவார்கள், சைடியில் பெரும்பாலும் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

ஒன்று மட்டும் மனசு கேட்காமல் சொல்கிறேன். தெரபிஸ்ட் வேலை என்றால் எதிரே ஒருவர் மனம் திறந்து பேசுவதும் நாம் கேட்பதும்தான் என்று படம் இருக்கும். அந்த ஐம்பது நிமிடம் முடிந்ததும் குறிப்பு எழுத வேண்டும். அடுத்தவர் வெளியே உட்கார்ந்திருப்பார். ஒருவர் மூன்று முறை வராமல் போனால் கூப்பிட்டு விசாரிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். தற்கொலை எண்ணம் பற்றி நேருக்கு நேர், சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும், கேட்ட பதிலைத் தேதியோடு எழுத வேண்டும். அந்தக் குறிப்பு எழுதும் வேலை உங்களுக்குத் தாங்குமா என்று பாருங்கள். கேட்பது எல்லாருக்கும் பிடிக்கும்.

நிலாப்பாதை

மருதநிழல் அக்கா, இதை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. மிக்க நன்றி. குறிப்பு எழுதுவது பயமாக இல்லை. நேருக்கு நேர் கேட்பது பயமாக இருக்கிறது. அது பயிற்சியில் வருமா?

மருதநிழல்

வரும். அதற்குத்தான் மேற்பார்வை. பயமே இல்லாமல் வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கொஞ்சம் பயம்.

அப்புறம், தன் வீட்டுப் பிரச்சினையைப் புரிந்துகொள்ள இந்தப் படிப்புக்கு வருகிறவர்கள் உண்டு. வரக்கூடாது என்றில்லை. ஆனால் அதற்கு ஒரு தெரபிஸ்டிடம் போவது சீக்கிரமும் முடியும், செலவும் குறைவு.

புள்ளிக்கோலம்

ஆராய்ச்சிப் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை போல. நான் முனைவர் பட்டத்தின் பின்பாதியில் இருக்கிறேன், அறிவாற்றல் உளவியல்.

நேரடியாகப் பிஎச்.டி. என்று உங்கள் துறைத்தலைவர் சொல்வது அமெரிக்க முறைக்குப் பொருந்தும், அங்கே இளங்கலை முடித்தே சேரலாம், முதுகலை வழியில் சேர்ந்து வரும். ஐரோப்பாவில் பெரும்பாலும் முதுகலை முடித்திருக்க வேண்டும். மருத்துவ உளவியல் பிஎச்.டி. என்றால் கடைசியில் ஒரு வருட இன்டர்ன்ஷிப்பையும் சேர்த்து ஐந்து முதல் ஏழு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முனைவர் பட்டம் என்பது "இன்னும் கொஞ்சம் படிப்பு" என்று நினைத்து வராதீர்கள். முதல் ஒன்றிரண்டு வருடம் தாண்டினால் வகுப்பே இருக்காது. யாரும் பதில் தெரியாத ஒரு சின்னக் கேள்வியோடு தனியாக உட்கார்ந்திருப்பீர்கள். போன வாரம் முழுக்க நான் செய்தது என்ன தெரியுமா? பங்கேற்பாளர் ஒருவர் எல்லாக் கேள்விக்கும் "3" என்றே அழுத்தியிருந்தார். அவரை நீக்குவதா வேண்டாமா, நீக்கினால் அந்த விதியை முன்பே பதிவு செய்திருந்தோமா, அதே விதியில் இன்னும் எத்தனை பேர் போவார்கள் என்று பார்த்ததுதான். இது சலிப்பாகத் தெரிகிறதா, சுவாரசியமாகத் தெரிகிறதா? உண்மையாகச் சொல்லுங்கள். எனக்கு அதில் தூக்கம் வரவில்லை, அதனால்தான் இன்னும் இங்கே இருக்கிறேன்.

புள்ளியியல் தவிர்க்க முடியாது. 2015-ல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த முடிவு சயின்ஸ் இதழில் வந்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் ரீதியாகத் தேறியவை, திரும்பச் செய்தபோது தேறியது 36 சதவீதம். அதற்குப் பிறகு துறையே மாறிவிட்டது. ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே பதிவு செய்வது, தரவைப் பொதுவில் வைப்பது, ஆர் என்ற புள்ளியியல் நிரல் மொழியில் குறியீடு எழுதுவது எல்லாம் இப்போது அன்றாட வேலை. "எனக்குக் கணக்கு வராது, அதனால் உளவியல் எடுத்தேன்" என்கிறவர்களுக்கு ஆராய்ச்சி முனைவர் பட்டம் நரகம்.

கடைசிபெஞ்ச் சொன்ன "பயத்தைத் தள்ளிப்போடுவது" எனக்கும் ஒப்புதல்தான். ஆனால் "போகாதே" என்று மொத்தமாகச் சொல்வதில் ஒப்புதலில்லை. உதவித்தொகையோடு கிடைக்கிற பிஎச்.டி. வேறு, முழுக் கட்டணம் கட்டிப் படிக்கிற, உரிமத்துக்கும் போய்ச் சேராத பொது முதுகலை வேறு. இரண்டையும் ஒரே "மேல்படிப்பு" என்ற சொல்லில் அடைப்பதால்தான் இந்த விவாதம் எப்போதும் சுற்றிச் சுற்றி வருகிறது.

கடைசிபெஞ்ச்

> உதவித்தொகையோடு கிடைக்கிற பிஎச்.டி. வேறு

சரி, அந்த உதவித்தொகையில் ஆறு வருடம் வாழ்ந்துவிட்டு முப்பது வயதில் முதல் சம்பளம் வாங்குவதையும் கணக்கில் சேருங்கள். கட்டணம் இல்லை என்றால் செலவு இல்லை என்று ஆகிவிடாது. அந்த ஆறு வருடத்தில் என் போன்றவன் வாங்கிய சம்பளமும் செலவுதான்.

புள்ளிக்கோலம்

நியாயம். மறுக்கவில்லை.

தெற்குவாசல்

நான் பிஎச்.டி.யைப் பாதியில் விட்டு முதுகலையோடு வெளியே வந்தவன். வருத்தமெல்லாம் இல்லை, ஆனால் யாரும் இந்தக் கதவைப் பற்றிப் பேசுவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிது. என் வழிகாட்டிக்கு மாணவர்கள் அதிகம், நேரம் குறைவு. ஒரு வரைவைக் கொடுத்தால் பருவம் முடியும்போதுதான் திரும்பி வரும். அதே கட்டிடத்தில் அடுத்த மாடியில் இருந்த வழிகாட்டியின் மாணவர்கள் வாரம் தவறாமல் அவரோடு உட்கார்ந்தார்கள். பட்டச் சான்றிதழில் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே முத்திரைதான். வாழ்க்கை ஒரே மாதிரி இல்லை.

ஆகவே பல்கலைக்கழகத் தரவரிசையைப் பார்க்கிற நேரத்தில் பாதியை, அந்த வழிகாட்டியிடம் முடித்தவர்களும் விட்டுப்போனவர்களும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடச் செலவிடுங்கள். தற்போதைய மாணவர்களிடம் "அவர் எப்படி?" என்று கேட்டால் எல்லாரும் நல்லவர் என்பார்கள். "கடைசியாக அவரோடு எப்போது பேசினீர்கள், எவ்வளவு நேரம்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில் எல்லாம் இருக்கும்.

அமெரிக்காவில் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு ஒரு நல்ல விதி இருக்கிறது: எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள், எத்தனை பேர் பாதியில் போகிறார்கள், எத்தனை பேருக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்தது, எத்தனை பேர் உரிமம் வாங்கினார்கள் என்பதையெல்லாம் இணையதளத்தில் போட்டே ஆக வேண்டும். விளம்பரப் படங்களைத் தாண்டி அந்த அட்டவணையைத் திறந்து பாருங்கள். வேறு நாட்டில் இந்த விதி இல்லையென்றால் மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

வேப்பம்பூ

யாரும் சமூகப் பணி முதுகலை பற்றி விரிவாகச் சொல்லவில்லை. உளவியல் இளங்கலை முடித்து அங்கே மாறியவள் நான். படிப்பிலேயே களம் இருக்கிறது, அமெரிக்க விதிப்படி முதுகலையில் குறைந்தது 900 மணி நேரம் களப்பணி. முதல் பருவத்திலேயே வீடு வீடாகப் போய்விடுவீர்கள். மனத்துக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கிற பழக்கத்தோடு, அந்த மனிதருக்கு வாடகை கட்டப் பணம் இருக்கிறதா என்று கேட்கிற பழக்கமும் வந்துவிடும். நிறையப் பேருடைய "மனச்சோர்வு" இரண்டாவது கேள்வியில்தான் பிடிபட்டது.

பள்ளி உளவியல் இன்னொரு வழி. அமெரிக்காவில் அதற்கு முனைவர் வேண்டாம், மூன்று வருட ஸ்பெஷலிஸ்ட் படிப்பு, அதில் 1,200 மணி நேர இன்டர்ன்ஷிப். குழந்தைகளைப் பிடிக்கும் என்றால் மட்டும் போதாது. பெற்றோரையும் ஆசிரியரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கத் தெரிய வேண்டும்.

ஆர்வக்கோளாறு

இன்னும் ஐந்து வருடத்தில் தெரபியெல்லாம் ஏஐ செய்துவிடும். நீங்கள் இங்கே உரிமம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

மருதநிழல்

1966-லேயே எம்ஐடியில் வைசன்பாம் எலைசா என்றொரு நிரல் எழுதினார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அதனிடமே மனம் திறந்து பேசினார்கள் மக்கள், எழுதியவரே அதைப் பார்த்துக் கவலைப்பட்டார். கருவியோடு பேச ஆள் வருவார்கள் என்பது பழைய செய்தி. ஒருவருடைய உயிருக்கு ஆபத்து என்று தோன்றும் இரவில் யார் பொறுப்பு என்பதற்குத்தான் உரிமம் இருக்கிறது. வேலையின் சில பகுதிகள் மாறும், மறுக்கவில்லை. அதற்காக இன்றைக்கு விண்ணப்பம் போடுகிறவர் பாதியில் நிற்க வேண்டியதில்லை.

நிலாப்பாதை

எல்லாப் பதிலையும் இரண்டு முறை படித்தேன். புள்ளிக்கோலம் கேட்ட அந்த "3" கேள்விதான் மண்டையில் உட்கார்ந்துவிட்டது. எனக்கு அது சுவாரசியமாகத்தான் இருந்தது! "அவர் வேலை அவசரத்தில் அழுத்தினாரா, கேள்வியே புரியவில்லையா, உண்மையிலேயே எல்லாம் நடுத்தரமா" என்றுதான் முதலில் யோசித்தேன்.

ஒன்று சொல்கிறேன். கடைசி வருட புராஜெக்ட்டில் இரவுப் பணி செய்யும் செவிலியர்களின் தூக்கத்தைப் பற்றி ஆய்வு செய்தோம். பிட்ஸ்பர்க் தூக்கத் தர அளவுகோலைத்தான் எடுத்தோம், 1989-ல் வந்தது, உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். முதல் கேள்வியே, கடந்த மாதத்தில் வழக்கமாக இரவில் எத்தனை மணிக்குப் படுக்கப் போனீர்கள் என்பது. ஒரு செவிலியர் பேனாவை வைத்துவிட்டு, "ராத்திரி நான் வார்டில்தான் இருப்பேன். பகலில் படுக்கிற நேரத்தை எழுதவா, வார விடுப்பில் படுக்கிற நேரத்தை எழுதவா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர் அதற்குள் ஏதோ ஒன்றை எழுதிவிட்டார். எதை எழுதினார் என்று எங்களுக்குத் தெரியாது.

குழுவில் மற்றவர்கள் எண்களை வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். நான் அந்தக் கேள்வியை எப்படித் திருத்தினால் இரவுப் பணியாளருக்கும் பொருந்தும், திருத்தினால் மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட முடியுமா என்று விடுதியில் எல்லாரையும் தொல்லை செய்துகொண்டிருந்தேன். புராஜெக்ட் முழுக்க எனக்குப் பிடித்தது அதுதான். அதைப் பிடித்த விஷயம் என்று எண்ணிப் பார்த்ததே இல்லை, ஏதோ என் பிடிவாதம் என்று விட்டுவிட்டேன்.

தெரபி ஆசை போய்விட்டதா என்று கேட்டால், முழுக்கப் போகவில்லை.

அலைவரிசை

முதல் பதிவில் இதைத்தான் கேட்டேன் :)

புள்ளிக்கோலம்

நிலாப்பாதை, நீங்கள் சொல்வதற்கு உளஅளவையியல் என்று ஒரு துறையே இருக்கிறது. ஒரு கேள்வி எல்லாக் குழுவினருக்கும் ஒரே பொருளைத் தருகிறதா என்று சோதிப்பதே அதில் பெரிய பகுதி. அளவீட்டுச் சமநிலை என்பார்கள். தேர்வு நடத்தும் அமைப்புகள், பெரிய கணக்கெடுப்புகள் செய்யும் நிறுவனங்கள், மருத்துவ ஆய்வுகள், கடைசிபெஞ்ச் இருக்கிற ஆள்தேர்வு உலகம், எல்லா இடத்திலும் ஆள் தேவைப்படும் வேலை. முதுகலையோடும் உள்ளே போகலாம், முறைகளையே உருவாக்க வேண்டுமென்றால் முனைவர். ஆனால் இதில் கணக்கு இன்னும் கூடுதல். காரணிப் பகுப்பாய்வு, உருப்படி மறுமொழிக் கோட்பாடு இரண்டையும் ஒரு நல்ல பாடநூலில் எடுத்து நாலு அத்தியாயம் படித்துப் பாருங்கள். யாரும் தேர்வு வைக்காதபோதும் ஐந்தாவது அத்தியாயத்துக்குப் போனால் நீங்கள் எங்கள் ஆள்.

வழிகாட்டிகளுக்கு மின்னஞ்சல் எழுதும்போது "சிறுவயது முதலே மனித மனம் என்னை ஈர்த்தது" என்று தொடங்க வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். நேராக அந்தச் செவிலியர் கேட்ட கேள்வியை எழுதுங்கள். நாலு வரி. பிறகு அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றில் உங்களுக்குப் புரியாத ஓர் இடம். கடைசியில், வரும் ஆண்டு புது மாணவரை எடுக்கிறாரா என்று ஒரு வரி. எடுக்கவில்லை என்றால் விண்ணப்பக் கட்டணமாவது மிச்சம்.

இன்னும் ரெண்டு விஷயம். மேல்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வை 2020-க்குப் பிறகு பல துறைகள் கைவிட்டுவிட்டன, கேட்கிற இடத்துக்கு மட்டும் எழுதுங்கள். 2023 செப்டம்பரிலிருந்து அது இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற தேர்வு, மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும். அப்புறம் அமெரிக்காவில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் உடனே ஆம் சொல்லச் சொல்லி யாராவது நெருக்கினால் பயப்படாதீர்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை நேரம் தருவதாக ஒப்பந்தம் போட்டிருக்கின்றன.

நிலாப்பாதை

குறித்துக்கொண்டேன். அந்த இடைவெளிக் கேள்விக்கு மட்டும் யாராவது?

மருதநிழல்

தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன், ஆகவே சொல்லலாம். இடைவெளியை யாரும் எண்ணுவதில்லை, அதில் என்ன செய்தீர்கள் என்றுதான் படிக்கிறோம். ஆய்வகத்தில் உதவியாளராக ஒரு வருடம் இருந்துவிட்டு வருகிறவர் எழுதும் நோக்க அறிக்கை தனியாகத் தெரியும். பாடநூல் வாசனை இருக்காது. நெருக்கடி உதவித் தொலைபேசிச் சேவையில் தன்னார்வலராக இருந்தவர்களும் அப்படித்தான். நிலாப்பாதைக்கு அது இரண்டு விதத்தில் உதவும்: நேருக்கு நேர் கேட்கிற பயம் எவ்வளவு என்று தெரிந்துவிடும், தெரபி ஆசை மிச்சமிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். அந்தச் சேவைகள் முதலில் பயிற்சி தருவார்கள், தராமல் உட்கார வைக்கிற இடமென்றால் போகாதீர்கள்.

ஆபத்து ஒன்றே ஒன்று. பரிந்துரைக் கடிதம் தரவேண்டியவர்களுக்கு ஒரு வருடத்தில் உங்கள் முகம் மறந்துவிடும். இப்போதே பேசி வையுங்கள், புராஜெக்ட் அறிக்கையை அவர்கள் கையில் கொடுத்து வையுங்கள்.

கடைசிபெஞ்ச்

கடன் விஷயம் மட்டும் நான் விட மாட்டேன். சேரப்போகிற படிப்பை முடித்தவர்கள் முதல் வருடத்தில் வாங்கும் சம்பளத்தைக் கேட்டு, மாதத் தவணையைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தோன்றினால் கையெழுத்துப் போடாதீர்கள். உளஅளவையியல் என்றால் என் எதிர்ப்பைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். எங்கள் தேர்வு முறையைச் சரிபார்க்க வெளியாளைத்தான் கூப்பிடுகிறோம், அவர் வாங்கும் தொகையைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

நிலாப்பாதை

இந்த வருடம் எங்கேயும் விண்ணப்பிக்கப் போவதில்லை. துறைத்தலைவரிடம் சொல்லிவிட்டேன், முகம் சுருங்கியது, ஆனால் கடிதம் தருவதாகச் சொன்னார். ஒரு தூக்க ஆய்வகத்தில் உதவியாளர் வேலைக்குக் கேட்டிருக்கிறேன், தரவு சேகரிப்பும் சரிபார்ப்பும்தான் வேலை. கூடவே உதவித் தொலைபேசிச் சேவையின் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். உருப்படி மறுமொழிக் கோட்பாட்டில் இரண்டாவது அத்தியாயம் போய்க்கொண்டிருக்கிறது. மெதுவாகத்தான்.

அடுத்த வருடம் விண்ணப்பித்தால் உதவித்தொகை உள்ள இடங்களுக்கு மட்டும். கடன் வாங்கிப் படிப்பது உரிமத்தில் முடிகிற படிப்பென்றால் மட்டும். இந்த இரண்டையும் எழுதி ஒட்டி வைத்துவிட்டேன்.

வேப்பம்பூ

தொலைபேசிப் பயிற்சி முடிந்ததும் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். வாழ்த்துகள்.

புதுவரவு

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் பொறியியல் முடித்தவன், உளவியல் முதுகலைக்கு வர ஆசை. எனக்கும் இதே ஆலோசனைதானா?

மருதநிழல்

உங்களுக்கு முதல் படி வேறு, சகோ. பிரிட்டனில் வேறு பட்டம் பெற்றவர்களுக்கென்றே மாற்றுப் படிப்பு உண்டு. பிபிஎஸ் (பிரிட்டிஷ் உளவியல் சங்கம்) அங்கீகாரம் உள்ளதா என்று பார்த்துச் சேர வேண்டும், இல்லையென்றால் மேலே தொழில்முறைப் பயிற்சிக்குப் போக முடியாது. மற்ற நாடுகளில் இளங்கலை அளவிலான சில பாடங்களை முடித்துவிட்டு வரச் சொல்வார்கள். தனி இழை தொடங்குங்கள், எந்த நாடு, என்ன வேலை என்று இரண்டையும் தலைப்பிலேயே போடுங்கள்.